வாசலுக்குச் சாலை வரும்போது: டர்பனில் வீடு, நிலம் வைத்திருப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

மஞ்சள் மேல்சட்டை போட்ட இரண்டு பேர் முக்காலியை ஊன்றி, உங்கள் மதிலை ஒரு குழாய் வழியாகப் பார்க்கிறார்கள். கேட்டால் "சும்மா அளக்கிறோம், ஆன்ட்டி" என்கிறார்கள். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இசிபிங்கோவிலும் பல குடும்பங்களுக்குக் கதை இப்படித்தான் தொடங்குகிறது. புல்டோசர் வரும் நாளில்தான் உரிமை போகிறது என்று நாம் நினைக்கிறோம். டர்பனில் ஒரு கன்வேயன்சர் ஆபீஸில், அதாவது சொத்தைப் பெயர் மாற்றிப் பதிவு செய்யும் வக்கீல் ஆபீஸில், பல வருஷம் பத்திர வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புல்டோசர் வருவதற்குள் பாதி உரிமை காகிதத்திலேயே போயிருக்கும். பதில் போடாத கடிதம், படிக்காத வரைபடம், தவறிய தேதி, எல்லாம் சேர்ந்து கொண்டுபோய்விடும்.

சாலையையோ குழாயையோ வராமல் தடுப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. பெரும்பாலும் தடுக்க முடியாது. வரும்போது உங்கள் பக்கம் என்ன கேட்கலாம், எப்போது கேட்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

படி 1: முதலில் உங்கள் காகிதங்களைப் படியுங்கள்

டைட்டில் டீடை, அதாவது உங்கள் நிலப் பத்திரத்தை, எடுங்கள். வங்கியில் பாண்ட், அதாவது அடமானக் கடன், இருந்தால் அசல் அவர்களிடம் இருக்கும். நகலைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் கட்டணம் கட்டி வாங்கலாம். குவாசூலு நட்டால் நிலங்களின் பதிவு எல்லாம் அங்கேதான். வாங்கியதும் முதல் பக்கத்தில் பெயரைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் வரும். "இந்த நிலம் கீழ்க்கண்ட செர்விட்யூட்டுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கலாம். செர்விட்யூட் என்றால் உங்கள் நிலத்தின் மேல் இன்னொருவருக்குப் பதிவாகியிருக்கும் உரிமை. கழிவுநீர்க் குழாய், மழைநீர் வாய்க்கால், மின்கம்பி, நடைவழி என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தச் செர்விட்யூட் போகும் இடத்தில் நீங்கள் காராஜ் கட்டியிருந்தால், குழாய் போட வருகிறவர் அதை இடிக்கச் சொல்ல அவருக்கு வலு இருக்கிறது.

கூடவே சர்வேயர் ஜெனரல் வரைபடம் ஒன்றையும் வாங்கி வையுங்கள். உங்கள் எல்லைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்வது மதில் இல்லை, அந்த வரைபடம்தான். எங்கள் அம்மா வீட்டு மதில் ஒரு பக்கம் எல்லையைத் தாண்டி நடைபாதைக்குள் நிற்கிறது என்பது நாற்பது வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தத் துண்டு நிலத்தில் நின்ற கருவேப்பிலை மரத்துக்கு ஒரு காசு கேட்க முடியாது என்றும் அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது, அனுமதி பெற்ற கட்டடப் பிளான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சாட்ஸ்வர்த்தில் மூத்த மகனுக்கு ஒரு அறை, மருமகளுக்கு ஒரு சமையலறை, வாடகைக்கு ஒரு அவுட்பில்டிங் என்று பிளான் இல்லாமலே வீடு வளர்வது வழக்கம். 1975ஆம் ஆண்டு கையகப்படுத்தல் சட்டத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பான பயன்பாட்டால் ஏறிய மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அந்த அறையில் உங்கள் மகன் பத்து வருஷம் குடியிருந்தாலும் மதிப்பீட்டாளர் தாளில் அதற்கு முழு விலை வராமல் போகலாம். சாலைப் பேச்சு எழும் முன்பே பிளானை ஒழுங்குபடுத்திவிடுங்கள். பேச்சு எழுந்த பிறகு செய்தால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

படி 2: வருவது யார் என்று கண்டுபிடியுங்கள்

N2, N3 போன்ற தேசிய நெடுஞ்சாலைகள், தேசியச் சாலைகளுக்கான அரசு நிறுவனமான சன்ரால் கையில். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே N3 விரிவாக்கமும், ஈ.பி. க்ளூட்டி சந்திப்பில், நாம் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்று சொல்லும் இடத்தில், நடக்கும் வேலையும் அவர்களுடையவை. மாகாணச் சாலைகள் மாகாணப் போக்குவரத்துத் துறையுடையவை. ஹிகின்சன் ஹைவே போல M எழுத்தில் தொடங்குபவை பெரும்பாலும் ஈத்தெக்வினி மாநகராட்சியுடையவை, அதாவது டர்பன் மாநகராட்சியுடையவை. கோ டர்பன் பேருந்துத் தடங்களும் மாநகராட்சித் திட்டம்தான். மின்கம்பி என்றால் தேசிய மின் நிறுவனமான எஸ்காமாகவும் இருக்கலாம், மாநகராட்சி மின்துறையாகவும் இருக்கலாம்.

எந்த அமைப்பு என்பதைப் பொறுத்துச் சட்டமும் மாறும், முகவரியும் மாறும். தவறான ஆபீஸுக்கு எழுதிய கடிதம் எழுதாத கடிதத்துக்குச் சமம். அளக்க வந்தவரிடமே ஒப்பந்தக்காரர் பெயர், திட்ட எண், யாருக்காக அளக்கிறார் என்பதை எழுதி வாங்குங்கள். படமும் எடுத்து வையுங்கள். உங்கள் வளாகத்துக்குள் வருவதென்றால் முன்னறிவிப்பும் அடையாள அட்டையும் கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: கோடு மட்டும் விழுந்த காலம்

கையகப்படுத்தல் நோட்டீஸ் வந்தால் குறைந்தபட்சம் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் அதைவிடக் கொடுமை.

கிளேர்வுட்டைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்து வெளியே வந்த நம் தாத்தாக்கள் காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டி, பள்ளிக்கூடம் கட்டி உருவாக்கிய ஊர் அது. 1950களிலேயே அதைத் தொழிற்பகுதி ஆக்கும் யோசனை மாநகராட்சிக்கு இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ திட்டம் வந்து போனது. 2012இல் துறைமுகங்களையும் ரயில்வேயையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் பழைய டர்பன் விமான நிலைய நிலத்தை 1.85 பில்லியன் ராண்டுக்கு வாங்கி, அங்கே தோண்டி ஒரு புதிய துறைமுகம் அமைக்கப்போவதாகச் சொன்னது. துறைமுகம் வந்தால் அதன் பின்புலமாகக் கிடங்குகளும் லாரிச் சாலைகளும் வேண்டும். கிளேர்வுட்டும் மெரிபேங்கும் அந்த வழியில் இருந்தன. விமான நிலைய நிலத்தில் குத்தகைக்குக் காய்கறி போட்ட விவசாயிகளுக்கும் தலைமேல் கத்தி. அப்புறம் அந்தத் துறைமுகத் திட்டம் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் கோடு விழுந்த தெருவில் யார் வீடு வாங்குவார்? எந்த வங்கி மனமுவந்து பாண்ட் கொடுக்கும்? கூரையை மாற்றலாமா, வேண்டாமா? வீட்டுக்காரர் ஒன்றும் செய்யாமல் விட, தெரு பாழாக, பாழான தெருவுக்குக் குறைந்த விலை என்று மதிப்பீட்டாளர் எழுத, எல்லாம் ஒரு சுற்றாகப் போகும்.

இதற்கு நஷ்டஈடு உண்டா? பெரும்பாலும் இல்லை. 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கௌடெங் மாகாணத்து வழக்கு ஒன்றில், ரிஃப்லெக்ட் ஆல் வழக்கில், இதே கேள்வியைப் பார்த்தது. எதிர்காலச் சாலைகளுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிய தனியார் நிலத்தில் உரிமையாளரால் எதுவும் கட்ட முடியாதபடி சட்டம் செய்துவிட்டது, நஷ்டஈடும் இல்லை. அது சொத்துரிமையைக் குறைப்பதுதான், ஆனால் காரணமின்றிப் பறிப்பது அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று உரிமையைக் கட்டுப்படுத்துவது, மற்றது உரிமையையே எடுத்துக்கொள்வது. எடுத்துக்கொண்டால்தான் நஷ்டஈடு கட்டாயம். கட்டுப்படுத்தினால், போதிய காரணம் இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் நம்பிக்கையை எங்கே வைப்பது என்று தெரியும்.

ஆகவே கோடு விழுந்த காலத்தில் செய்ய வேண்டியது இது. திட்டத்தின் பெயரில் உங்கள் லாட் எண்ணை, அதாவது மனை எண்ணை, குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்: என் நிலம் பாதிக்கப்படுமா, எவ்வளவு, எப்போது? பதில் வரவில்லையென்றால் 2000ஆம் ஆண்டு தகவல் பெறும் சட்டத்தின் கீழ், நாம் பையா என்று சொல்வதில், விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த இடைக்காலத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால் கன்வேயன்சரிடம் மாநகராட்சி நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டைட்டில் டீட் சுத்தமாக இருந்தாலும் திட்ட வரைபடத்தில் சாலை விரிவாக்கம் இருக்கலாம். இரண்டும் இரண்டு வேறு புத்தகங்கள். நிலத்தைப் பிரித்து மகன்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: பிரிவினை அனுமதிக்குப் போகும்போது, சாலை விரிவாக்கத்துக்கான துண்டைப் பணமில்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வரலாம். அண்ணன் தம்பி சண்டைக்கு முன்னால் அதைக் கணக்கில் சேருங்கள்.

படி 4: கருத்துக் கேட்கும் நாளில் பெயரைப் பதிவு செய்யுங்கள்

பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும். கம்பத்தில் அறிவிப்புப் பலகை, செய்தித்தாளில் ஒரு சின்னப் பெட்டி விளம்பரம், கம்யூனிட்டி ஹாலில் ஒரு கூட்டம். கூட்டத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒன்றும் இல்லை. 'பாதிக்கப்படும் நபர்' என்று பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறியிருந்தால் அறிக்கைகளையும் முடிவையும் உங்களுக்கு அனுப்ப வேண்டும், மேல்முறையீட்டுக்கும் கதவு திறந்திருக்கும். நில மண்டல மாற்றம் பற்றிய மாநகராட்சி முடிவுகளுக்கு மேல்முறையீடு 21 நாளுக்குள். அரசு நிர்வாக முடிவை நீதிமன்றத்தில் சவால் செய்வதற்கு 180 நாள். அந்த முடிவுக்கான காரணத்தை எழுத்தில் கேட்க 90 நாள். இந்த எண்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

எதிர்ப்புக் கடிதத்தில் "எங்கள் முன்னோர் இங்கே வாழ்ந்தார்கள்" என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட, தடத்தை எங்கே மாற்றலாம், மழைநீர் எங்கே போகும், ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று அரைப் பக்கம் எழுதினால் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். முன்னோரை விட்டுவிடச் சொல்லவில்லை, கடைசிப் பத்தியில் எழுதுங்கள்.

ஒன்றுசேர்ந்து நின்றால் எதுவும் மாறாது என்றும் நினைக்காதீர்கள். வார்விக் சந்திப்பில் இருக்கும், 1910இல் தொடங்கிய காலைச் சந்தையை இடித்து மால் கட்டத் திட்டம் போட்டார்கள், 2010 உலகக் கோப்பைக்கு முன்னால். அங்கே கடை போட்டிருந்தவர்களுக்கு நிலம் சொந்தம் கூட இல்லை. ஆனாலும் வழக்கும் எதிர்ப்பும் சேர்ந்து மால் வரவில்லை. காலை ஐந்து மணிக்குப் போனால் இன்றைக்கும் அங்கே முருங்கைக்காய் வாங்கலாம்.

படி 5: "சுமூகமாகப் பேசலாம்" என்று வரும்போது

கையகப்படுத்தலுக்கு முன்பு பெரும்பாலும் ஒரு பேச்சுவார்த்தைக் கட்டம் உண்டு. ஒரு மரியாதையான மனிதர் வந்து ஒரு தொகை சொல்வார். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். பொதுவில் நீங்கள் மனமுவந்து விற்றதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால், கையகப்படுத்தலோடு வரும் பாதுகாப்புகள் பல பொருந்தாமல் போகலாம். சொந்தமாக ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து அறிக்கை வாங்குங்கள். சில ஆயிரம் ராண்ட் செலவாகும். அது எங்கேயும் வீண்போகாது. வீட்டு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொன்ன விலை நீதிமன்றத்தில் செல்லாது.

படி 6: நோட்டீஸ் வந்துவிட்டது

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வந்த பதிவுத் தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். "அவர் பார்த்துக்கொள்வார்" என்றார். இரண்டரை மாதம் ஆன பிறகு அவர் மகள் எங்கள் ஆபீஸுக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையார் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த நோட்டீஸில் 60 நாள் என்று எழுதியிருந்தது.

1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாளுக்குள் உரிமையாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். கொடுப்பதாகச் சொன்ன தொகையை ஏற்கிறீர்களா, இல்லையென்றால் எவ்வளவு கேட்கிறீர்கள், அந்தத் தொகை எப்படி வந்தது, யார் யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், பாண்ட் எங்கே இருக்கிறது, டைட்டில் டீட் எங்கே என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கால நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் கேட்டதற்கு அத்தாட்சி வேண்டும்.

நோட்டீஸில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2024இன் 13ஆம் எண் கையகப்படுத்தல் சட்டத்தில் ஜனாதிபதி ராமபோசா ஜனவரி 2025இல் கையெழுத்திட்டார். கையெழுத்து வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. நடைமுறைக்கு வரும் தேதியை ஜனாதிபதி தனியாக அறிவிக்க வேண்டும். புதிய சட்டத்தில் முதலில் உடன்பாட்டுக்கு முயல வேண்டும், அப்புறம் கையகப்படுத்தும் எண்ணத்தை அறிவிக்க வேண்டும், உரிமையாளருக்கு 30 நாளில் எதிர்ப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இந்தச் சட்டம் வந்ததும் "நஷ்டஈடே கிடையாதாம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. பூஜ்ய நஷ்டஈட்டுக்கு உதாரணமாகச் சட்டம் சொல்வது கைவிடப்பட்ட நிலம், வளர்க்காமல் விலை ஏறக் காத்திருக்கும் நிலம் போன்றவற்றை. குடியிருக்கும் வீடு அந்த உதாரணங்களில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் முடிந்துபோன பட்டியல் இல்லை என்பதும் உண்மை. பயப்பட வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

இன்னொரு அதிர்ச்சி: உரிமை அரசுக்குப் போவது டீட்ஸ் ஆபீஸில் பெயர் மாறும் நாளில் இல்லை. நோட்டீஸில் 'கையகப்படுத்தும் தேதி' என்று இருக்கும் அந்த நாளிலேயே போய்விடுகிறது. அன்று காலை நீங்கள் அதே வீட்டில் அதே காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் உரிமையாளர் நீங்கள் இல்லை. இடத்தை ஒப்படைக்கும் தேதி தனியாக வரும்.

பணம் முன்னாலா, பின்னாலா? 2011இல் ஈத்தெக்வினி மாநகராட்சி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைச் சொன்னது: நஷ்டஈட்டுத் தொகையைக் கையகப்படுத்துவதற்கு முன்பே தீர்மானிப்பதுதான் பொதுவாக நியாயம், ஆனால் எல்லா வழக்கிலும் அது கட்டாயம் இல்லை. முன்பே முடியாவிட்டால் கூடிய சீக்கிரம் தீர்மானிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டிலிருந்து உங்களை வெளியேற்றுவது வேறு விஷயம். அதற்கு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவின் கீழ் நீதிமன்ற உத்தரவு வேண்டும். யாரும் நோட்டீஸை மட்டும் காட்டிப் பூட்டை உடைக்க முடியாது.

படி 7: கணக்கு

இதுதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

அரசியலமைப்பு 'நியாயமும் சமநிலையும் உள்ள' தொகை என்கிறது. அதற்குச் சந்தை விலை ஒரு அம்சம்தான். இன்றைய பயன்பாடு, நிலம் வந்த வரலாறு, அரசு அதில் போட்ட முதலீடு, எதற்காக எடுக்கிறார்கள் என்பவையும் சேரும். நடைமுறையில் நீதிமன்றங்கள் சந்தை விலையிலிருந்து தொடங்கி, மற்ற அம்சங்களை வைத்துக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

சந்தை விலை எந்தச் சந்தையில்? கோடு விழுந்து விலை சரிந்த தெருவின் விலையா? இல்லை. எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அந்தத் திட்டத்தால் விலை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும், அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. படி 3இல் கிளேர்வுட் பற்றிப் புலம்பினேனே, அதற்கு ஓரளவு மருந்து இதுதான். அந்தத் திட்டம் பேச்சில் வருவதற்கு முன்னால் பக்கத்துத் தெருக்களில் வீடு என்ன விலைக்குப் போனது என்பதை உங்கள் மதிப்பீட்டாளர் காட்ட வேண்டும். அவர் அதைச் செய்யவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

நோட்டீஸ் தேதிக்குப் பிறகு செய்த மேம்பாடுகளுக்குக் காசு கிடையாது, அவசியமான பராமரிப்பு தவிர. ஆகவே நோட்டீஸ் வந்த பிறகு டைல்ஸ் மாற்றாதீர்கள்.

சந்தை விலையோடு நிஜமான பண நஷ்டமும் சேரும். வீடு மாறும் செலவு, கடை மூடிய நாட்களின் வருமானம், மிச்ச நிலத்தின் மதிப்பு இறங்கியது, புது மதில். எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். முன் வாசலில் பத்து அடி போய், படுக்கையறை ஜன்னலுக்கு நேரே லாரி ஓடினால், எடுத்த பத்து அடிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு வராதீர்கள். மிச்சம் எதற்குமே உதவாது என்றால், மிச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதன் மேல் ஒரு ஆறுதல் தொகையும் உண்டு. மொத்தத்தில் முதல் 100,000 ராண்டுக்கு 10 சதவீதம், 500,000 வரை 5 சதவீதம், 1,000,000 வரை 3 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம், அந்தக் கடைசிப் பகுதிக்கு உச்ச வரம்பு 10,000. உதாரணமாக மொத்தம் 900,000 ராண்ட் என்றால் 10,000, 20,000, 12,000 என்று சேர்ந்து 42,000 வரும். பலர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். புதிய சட்டத்தில் இந்த ஆறுதல் தொகை இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் என்று பாருங்கள் என்று நான் ஏன் நச்சரிக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பாண்ட் இருந்தால் பணம் நேராக உங்கள் கைக்கு வராது. வங்கியும் நீங்களும் பங்கை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது பாண்ட் எடுத்து மகள் கல்யாணம் நடத்தியவர்கள், நஷ்டஈடு பாண்டைக் கட்டுமா என்று முதலிலேயே வங்கியில் கேளுங்கள். அரசு இடத்தை எடுத்துக்கொண்டதிலிருந்து பணம் வராத காலத்துக்கு வட்டியும் உண்டு.

தொகை போதாது என்று தோன்றினாலும், வழக்கு முடியும் வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. முழுத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாமலேயே முன்பணம் வாங்க வழி இருக்கிறது. ஆனால் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி இருக்கும் தாளில் கையெழுத்து வேண்டாம். அதேபோல், வந்த ஆஃபருக்குப் பதிலே சொல்லாமல் விட்டால் ஒரு காலத்துக்குப் பிறகு நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

தற்காலிகமாக எடுப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு விவசாயி நிலத்தில் தேசியச் சாலை வேலைக்காகக் கிராவல் தோண்டினார்கள். அவர் 800,000 ராண்டுக்கு மேல் கேட்டார். 2005இல் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், அவருக்குக் கிடைத்தது 6,060 ராண்ட். கிராவலின் சந்தை விலை இல்லை, அவருக்கு உண்மையில் ஏற்பட்ட பண நஷ்டம்தான் கணக்கு என்று முடிந்தது. உங்கள் காலி இடத்தில் ஒப்பந்தக்காரர் குழாய்களையும் மணலையும் குவிக்க அனுமதி கேட்டால், இதை நினைவில் வைத்து, முதலிலேயே மாத வாடகை பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: குழாயும் கம்பியும்

நிலம் உங்களுடையதாகவே இருக்கும், அதற்குள் ஒரு குழாய் மட்டும் போகும். மாநகராட்சி செர்விட்யூட் கேட்டால் அகலம், வேலை செய்யும்போது கூடுதலாக எடுக்கும் இடம், பழுது பார்க்க எப்படி வருவார்கள், புல்தரையையும் மதிலையும் யார் திருப்பிச் சரிசெய்வது என்று எழுத்தில் வேண்டும். ஃபைபர் கம்பிக்காரர்களுக்குத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் தனி வலு இருக்கிறது. நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம் இல்லை என்றே அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் சொன்னது. ஆனால் உரிமையாளரோடு பேசி, குறைந்தபட்சத் தொந்தரவோடு, நியாயமான நஷ்டஈட்டோடு செய்ய வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

படி 9: விரிசல்

உங்கள் நிலத்தில் ஒரு அங்குலமும் எடுக்காமல், பக்கத்தில் சரிவை வெட்டியதால் வீட்டில் விரிசல் விழுவது சாட்ஸ்வர்த் போன்ற மேடு பள்ளமான ஊரில் சகஜம். பக்கத்து நிலத்து மண் உங்கள் நிலத்தைத் தாங்கி நிற்க வேண்டும் என்பது இந்த நாட்டுப் பொதுச் சட்டத்தில் பழைய உரிமை. தாங்கலை எடுத்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் விரிசல் வேலைக்குப் பிறகுதான் வந்தது என்று காட்ட வேண்டும். அதனால் வேலை தொடங்கும் முன்பே வீட்டின் ஒவ்வொரு சுவரையும், கூரையையும், தேதி தெரியும் செய்தித்தாள் ஒன்றைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுங்கள். ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே வீட்டு நிலை அறிக்கை எடுத்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு அறிக்கை எடுத்தார்கள், ஆனால் நகல் தரவில்லை. பிறகு சண்டை வந்தபோது அந்த அறிக்கை யாரிடமும் இல்லாமல் போய்விட்டது.

மாநகராட்சி போன்ற அரசு அமைப்பின் மேல் இழப்பீட்டு வழக்குப் போட நினைத்தால், இழப்பு தெரிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. வழக்கே 3 வருஷத்தில் காலாவதி ஆகும். "சொல்லிப் பார்ப்போம், பூசிக்கொடுப்பார்கள்" என்று காத்திருந்தே பலருக்கு அந்த ஆறு மாதம் போய்விடுகிறது.

படி 10: பின்கட்டில் குடியிருப்பவர்கள்

வாடகைக்கு இருப்பவர்களை நோட்டீஸ் பதிலில் பெயரோடு எழுதுங்கள். அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. ஏற்கெனவே இருபது வருஷமாக இருக்கும் பாட்டியை நீங்களாக மிரட்டி வெளியேற்றினால், 1998ஆம் ஆண்டு வெளியேற்றத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றவாளி நீங்கள்தான்.

படி 11: யாரிடம் போவது

கன்வேயன்சர் எல்லாரும் கையகப்படுத்தல் வக்கீல் இல்லை. அந்த வேலை செய்தவரா என்று கேட்டு எடுங்கள். வசதி இல்லாதவர்கள் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா, குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம், லீகல் ரிசோர்சஸ் சென்டர் ஆகியவற்றைக் கேட்கலாம். ஒரே தெருவில் ஆறு வீடு பாதிக்கப்பட்டால் ஆறு பேரும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆறு அறிக்கை இருப்பது பேச்சிலும் வலு.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டக் காலத்தில் கேட்டோ மேனரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களும் இதே கேள்வியோடு வருவார்கள். அது வேறு கணக்கு. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனச் சட்டங்களால் பறிக்கப்பட்ட நிலத்துக்கான கோரிக்கை அது, தாக்கல் செய்யும் கடைசித் தேதி 1998 டிசம்பர் 31. அந்தக் கோரிக்கை நிலுவையில் இருந்தால், அதே நிலத்தில் புதுச் சாலை வரும் விவரத்தை நில உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள்.

படி 12: மிச்ச நிலம்

பணம் வந்து, மதில் கட்டி முடித்து, சாலையும் திறந்த பிறகு மூன்று வேலை பாக்கி இருக்கும். டீட்ஸ் ஆபீஸில் உங்கள் பத்திரத்தில் எடுத்த பகுதி குறிக்கப்பட்டு, புதிய பரப்பளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாநகராட்சியிடம் துணை மதிப்பீட்டுப் பட்டியலில் உங்கள் நிலத்தைத் திருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் இல்லாத நிலத்துக்கு மாதாமாதம் ரேட்ஸ், அதாவது சொத்து வரி, கட்டுவீர்கள். அடுத்த பொது மதிப்பீட்டில் "புதுச் சாலை வந்ததால்" என்று விலையை ஏற்றினால், ஆட்சேபணை சொல்லும் காலம் முடிவதற்குள், இப்போது படுக்கையறைக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். வருமான வரித்துறைக்கும் இது ஒரு விற்பனைதான். நஷ்டஈட்டை வைத்து வேறு வீடு வாங்கியிருந்தால் மூலதன ஆதாய வரியில் சலுகை கிடைக்குமா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு ரிட்டர்னைப் போடுங்கள்.